மாமனாருக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை

“கோட்டப் போட்டுக்கோ. வந்துட்டாங்க.”

மாமியார் வெள்ளைக் கோட்டைக் கட்டில்மேல் வீசிவிட்டு முன்னறைக்குத் திரும்பினாள். கதவைத் தாண்டுவதற்குள் முகத்தில் சிரிப்பு ஏறிவிட்டது. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் நான்கு முறை கேட்டது. நான்கு கதவும் சாத்துகிற சத்தம் கேட்டால் விஷயம் கனமானது. சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இரண்டு பேராக வருவார்கள். டீயைக்கூடப் பாதியில் வைத்துவிடுவார்கள்.

மருமகள் கோட்டை மாட்டிக்கொண்டாள். அவள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கோட்டு அது. பைக்கு மேலே நீல நூலில் தைத்திருந்த ஆஸ்பத்திரியின் பெயரை மாமியார் பிளேடால் பிரித்து எடுத்திருந்தாள். நூல் போன இடத்தில் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாக நின்றன. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி, மாமனாரின் மாத்திரை டப்பாவில் ஞாயிறு என்று எழுதியிருந்த குழியில் போட்டு மூடினாள். அன்றைய மாத்திரையை அவர் காலையிலேயே விழுங்கியாகிவிட்டது.

அவளை மருமகள் என்று சொல்வது இந்தக் கதை மட்டும்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் நர்ஸ். பால்காரருக்கு நர்ஸ், எதிர்வீட்டுக்கு நர்ஸ், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு நர்ஸ். ஆள் இல்லாதபோது மாமியாரை ‘அத்தை’ என்பாள். ஆள் வந்தால் ‘மேடம்’. ஒன்றரை வருஷப் பழக்கத்தில் நாக்கு தானாகவே தடம் மாறிக்கொண்டது.

முன்னறையில் பெண் பார்க்கிற பேச்சு நடந்தது. பெண் என்றால் இந்த வீட்டு மகள், மருமகளுக்கு நாத்தனார். முப்பத்தொரு வயது. வங்கியில் கவுன்டரில் உட்காருகிறாள். இதற்கு முன் ஆறு குடும்பங்கள் வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தன.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை எழுந்தாள். “சம்பந்தியையும் ஒரு எட்டு பாத்துடலாமே. அவரு வர முடியாதுன்னா நாம போவோம்.”

மாமியார் முன்னால் ஓடிவந்து கதவைத் திறந்தாள். மாமனார் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் பேச்சில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்தது ஏழெட்டு வார்த்தை.

“எப்படி இருக்கீங்க?” என்றாள் அத்தை, காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி.

“நல்லா.”

“பேசறாரே!”

“இப்ப எவ்வளவோ தேவலைங்க,” என்றாள் மாமியார். பிறகு கணவர் பக்கம் குனிந்து, மருமகளைக் காட்டிக் கேட்டாள்: “சொல்லுங்க. இது யாரு?”

மாமனார் மருமகளைப் பார்த்தார். இடதுபக்கம் மட்டும் வாய் திறந்தது.

“நர்ஸ்.”

தெளிவாக, கடைசி எழுத்துவரை சிந்தாமல் வந்தது. சொல்லிவிட்டு அவர் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டி, அவர் தோளில் தட்டி, “கெட்டிக்காரர்,” என்றாள். அவருக்கு அது வேண்டும். அது வராமல் அடுத்த மூச்சு விடமாட்டார்.

மாப்பிள்ளையின் அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “ஏம்மா, எங்கம்மாவும் இப்படித்தான் படுத்த படுக்கையா கிடக்கறாங்க. இங்க முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துடறியா? தனி ரூமு, ஃபேனு, டிவி எல்லாம் உண்டு.”

“இங்க எப்ப முடியும்னு தெரியலைங்க.”

“கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு?”

மாமியாரின் கை வளையல் ஒருமுறை சத்தம் போட்டு நின்றது.

“இல்லைங்க.”

“அதுதான் நல்லது. கல்யாணம் ஆனவங்க மாசத்துல பத்து நாள் லீவு போடுவாங்க.” அத்தை திரும்பி மாமியாரைப் பார்த்தாள். “பையன் வெளிநாட்டுலன்னீங்களே, அவருக்கும் பாக்கறீங்களா?”

“தங்கச்சிக்கு முடிச்சாத்தான் எனக்குன்னு பிடிவாதமா இருக்கான்.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! சரி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு நாள்ல ஃபோன்ல விசாரிப்பாரு. சும்மா ஒரு முறைக்கு.”

“தாராளமா விசாரிங்க. எங்க வீட்ல மறைக்கறதுக்கு என்ன இருக்கு?”

கார்க் கதவு சாத்தும் சத்தம் மறுபடி நான்கு முறை கேட்டது. மருமகள் மாத்திரை டப்பாவைத் திறந்து மோதிரத்தை எடுத்தாள்.

அந்த மோதிரம் பதிவாளர் அலுவலகத்தின் படியில் நின்று போட்டது. அவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன்; கல்யாணமான பதினாலாவது மாசம் கம்பத்தில் ஏறினவன் கீழே வந்தது பிணமாக. அடித்தது கரண்ட். பேர் வாங்கினது அவள். புருஷனை முழுங்கினவள் என்று சொந்தத்தில் இருந்த ஒரு வாய் சொன்னது, மற்ற வாய்கள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தன. அவள் பிசியோதெரபிக்குப் படித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நோயாளிகளை நடக்கவைக்கிற நீளமான அறையில்தான் இந்த மாமனார் வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு முடியவில்லை என்று வெளிநாட்டிலிருந்து ஓடிவந்த மகன் தினமும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அப்பாவின் விரல்கள் ரப்பர் பந்தை அழுத்தப் பழகின இரண்டு மாசத்தில் மகனுக்கும் ஒரு பழக்கம் ஆகிவிட்டது.

மாமியார் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அழவுமில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “பண்ணிக்கோங்க. ஆனா தங்கச்சி கழுத்து நிறையற வரைக்கும் வெளியில தெரியக்கூடாது. புருஷன் செத்தவள இந்த வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்னு தெரிஞ்சா எவன்டா இந்தப் படி ஏறுவான்?”

கெட்ட பொம்பளை இல்லை மாமியார். மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டாள். “உன்ன எனக்குப் பிடிக்காம இல்லடி. ஊருக்குப் பிடிக்காது,” என்பாள். ஊர் எங்கே இருக்கிறது, எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று மருமகள் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் மாமனாருக்கு இந்த ஏற்பாடு புரியவில்லை. அவருக்கு மிச்சமிருந்த ஏழெட்டு வார்த்தையில் ஒன்று ‘மருமக’. முதல் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, டீத் தட்டோடு வந்தவளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, வந்தவர்களிடம் பெருமையாக, “மருமக,” என்றார். மாமியார், “அவருக்குக் கொஞ்சம் தடுமாத்தம், பாக்கறவங்க எல்லாம் மருமகதான்,” என்று சமாளித்தாள். அவர்கள் சிரித்தார்கள். திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலமே மாமியார் சொன்னாள்: “நீதானே அவருக்குப் பேச்சு பழக்கற? இத மாத்திக் குடு.”

மாத்திக்கொடுத்தாள். காலையில் இருபத்தைந்து தடவை, மாலையில் இருபத்தைந்து தடவை. தன்னைத் தொட்டுக் காட்டி, “நர்ஸ். சொல்லுங்க மாமா, நர்ஸ்.” அவர் “மருமக” என்பார். அவள் தலையை ஆட்டாமல், சிரிக்காமல், மறுபடி முதலிலிருந்து. தப்பாகச் சொன்னால் முகம் காட்டாதே, சரியாகச் சொன்னால் உடனே பாராட்டு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி அறையில் அவள் பார்த்துக் கற்றது அது. நான்கு மாசம் ஆனது. ஐந்தாவது மாசத்தில் ‘மருமக’ அவர் வாயிலிருந்து போயே போய்விட்டது. மாமியார் அன்று அவளுக்கு ஒரு புடவை வாங்கித் தந்தாள்.

கணவன் குளிர் நாட்டில், மீன் பெட்டிகளை அடுக்கிவைக்கிற கிடங்கில் ராத்திரி வேலை. அங்கே அவனுக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்ததும் மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டான். எண்பத்தாறு கேள்விகள் இருந்த படிவத்தை அவன் அங்கிருந்து படிக்க, அவள் இங்கிருந்து பதில் சொன்னாள். முந்தைய திருமணம் உண்டா? உண்டு. எப்படி முடிந்தது? இறப்பு. சான்றிதழ் இணைக்கவும். இந்த உலகத்தில் அந்தச் சான்றிதழைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே இடம் அந்தப் படிவம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

உறவு உண்மையானது என்று காட்ட, இருவரும் ஃபோனில் எழுதிக்கொண்டதை எல்லாம் அச்செடுத்து வைக்கச் சொன்னார்கள். இருநூற்றுப் பத்துப் பக்கம் வந்தது. பாதிக்கு மேல் ‘சாப்டியா’, ‘சாப்டேன்’, ‘நீங்க?’ இதைப் படித்து யார் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

விசா மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் விரல்ரேகை எடுத்துவிட்டு ஃபைலைப் புரட்டினார். “கல்யாண ஃபோட்டோ மூணுதானா?”

“மூணுதாங்க.”

“சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லையா?”

அவள் மூன்றாவது படத்தின் ஓரத்தைக் காட்டினாள். “இது என் மாமியார்.”

கேமராவைக் கண்டதும் நகர்ந்துகொண்ட மாமியாரின் முழங்கையும் புடவைத் தலைப்பில் நான்கு விரற்கடையும் அந்தப் படத்தில் இருந்தன. அந்த ஆள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“முழங்கைய வச்சு நம்பச் சொல்றீங்களேம்மா,” என்றார். ஆனாலும் முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிட்டார். அது நடந்து ஏழு மாசம்.

நான்கு கதவுக் கார் வந்துபோன மூன்றாம் நாள், பதினோரு மணி இருக்கும். மருமகள் மாமனாரின் செயலற்ற கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஃபோன் அடித்தது.

“ஆமாங்க, நான் அம்மாதான் பேசறேன்... விசாரிக்கறீங்களா? சொன்னாங்க, சொன்னாங்க. கேளுங்க.”

“மூணு,” என்று எண்ணினாள் மருமகள். “நாலு.”

“ஒரே பையன். அங்கதான் இருக்கான்... இல்லைங்க, இன்னும் ஆகல. தங்கச்சிக்கு முடிச்சிட்டுத்தான்... சத்தியமாத்தாங்க சொல்றேன், கல்யாணமே ஆகல. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க, வேண்டாதவங்க கிளப்பி விடறது.”

“ஏழு.”

“வீட்லயா? நான், எங்க வீட்டுக்காரரு, பொண்ணு. அப்புறம் அவரப் பாத்துக்க ஒரு நர்ஸ் பொண்ணு... ஆமாங்க, அதே பேருதான். உங்களுக்கு எப்படி... ஓ, அவங்க சொன்னாங்களா? சம்பளத்துக்குத்தான் இருக்கா. நல்ல பொண்ணு.”

“பத்து,” என்றாள் மருமகள். கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்தாள். இந்த மாதிரிப் பேச்சை அவள் மாசத்துக்கு நான்கு தடவை கேட்கிறவள். தெருவில் வண்டி போகிற சத்தம் போல அது.

மாமியார் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “தன்மையா பேசினான் அந்த ஆளு. மொதல்ல இங்கிலீஷ்ல என்னவோ சொன்னான், அப்புறம் தமிழ்ல வந்துட்டான். பெரிய இடந்தான்டி.”

பத்து நாள் கழித்துக் கணவன் அந்தக் கடிதத்தை ஃபோனில் அனுப்பினான். மூன்று பக்கம். அவள் அதை மாமனாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். கடிதம் மரியாதையாக இருந்தது. உங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது என்று ஆரம்பித்தது. கணவரின் தாயாரிடம் தொலைபேசியில் விசாரித்ததில், தன் மகனுக்குத் திருமணம் ஆகவில்லை என்று அவர் இருமுறை உறுதியாகக் கூறினார். விண்ணப்பதாரர் அந்த வீட்டில் சம்பளத்துக்கு இருக்கும் செவிலி என்றும் கூறினார். திருமணப் படங்களில் இரு குடும்பத்தினரும் காணப்படவில்லை. எனவே இந்தத் திருமணம் குடியேற்ற நோக்கத்துக்காக மட்டுமே பதிவு செய்யப்பட்டது என்ற முடிவுக்கு வருகிறோம். மேல்முறையீடு செய்ய இருபத்தெட்டு நாள்.

அவள் ஃபோனை மாமியாரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். மாமியார் முதலில் நம்பவில்லை. பிறகு அந்த ஆள் மருமகளின் பெயரைச் சரியாகச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நான் அவங்க ஆளுன்னுல்ல நெனச்சேன்.”

“தெரியும் அத்தை.”

“எம்பசிக்காரன் எம்பசிக்காரன்னு சொல்ல வேண்டாமா?”

“சொல்லியிருப்பாரு. மொதல்ல இங்கிலீஷ்ல.”

ஒருவரை ஒருவர் திட்டக்கூட அவர்களுக்கு வாய்ப்பில்லை. மாமியார் புதிதாகப் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. மருமகள் கோட்டை மாட்டிக்கொண்டு துணைநின்ற பொய்தான்.

அந்தக் குளிர் நாட்டு வக்கீல் கணவனிடம் வழி சொன்னார். அம்மா சொன்னது பதிவாகியிருக்கிறது. அதை அம்மாவே மறுத்து, உண்மை இதுதான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு தாள். அவ்வளவுதான்.

“போடறேன்,” என்றாள் மாமியார். “நிச்சயம் முடியட்டும், மறுநாளே போடறேன்.”

நான்கு கதவுக் கார்க்காரர்கள் சம்மதம் சொல்லிவிட்டிருந்தார்கள். நிச்சயதார்த்தம் அன்றிலிருந்து நாற்பதாவது நாள்.

“இருபத்தெட்டு நாள்தான் அத்தை இருக்கு.”

“நோட்டரி ஆபீஸ் எங்க இருக்கு? கடைத்தெரு முக்குல. அங்க டைப் அடிக்கிறவ யாரு? மாப்பிள்ளைக்குச் சித்தி முறை. ‘என் மகன் இன்ன விதவையைக் கல்யாணம் பண்ணியிருக்கான், நான் பொய் சொன்னேன்’னு நான் சொல்லி அவ டைப் அடிக்கணுமா? சாயங்காலத்துக்குள்ள கார் திரும்பிடும்.”

“வேற ஊர்ல போய்ப் போடலாம்.”

“பேப்பர்னு ஒண்ணு வந்துட்டா அது எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் மாமியார். “ஏழாவது இடம்டி இது. அவளுக்கு முப்பத்தொண்ணு. உனக்கு ஒண்ணுக்கு ரெண்டு ஆச்சு. அவளுக்கு ஒண்ணுகூட ஆகல.”

அதைச் சொன்னதும் மாமியாரே வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலை கணவன் கூப்பிட்டான். அங்கே வேலை நடுவில் இடைவேளை. கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் பேசினான். மூச்சு புகையாக வந்தது.

“அம்மா அழறாங்க. நான் என்ன பண்ணட்டும் சொல்லு.”

“நீங்க சொன்னா போடுவாங்க.”

“போட்டு, அவளுக்கு இது நின்னு போச்சுன்னா? காலம் பூரா என்னைத்தானே சொல்லுவா?” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “தள்ளிப்போனா என்ன, மறுபடி மனுப் போடலாம். ஒரு வருஷம். ரெண்டு பேருக்கும் வயசு ஓடியா போயிடுது?”

“உங்க ஊர்ல என்னைப் பொய்னு எழுதியிருக்காங்க. உங்க வீட்ல என்னை நர்ஸ்னு சொல்றாங்க. நீங்க என்னை யாருன்னு சொல்றீங்க?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். “பெல் அடிச்சிட்டாங்க. அப்புறம் கூப்பிடறேன்.” பெல் அடித்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

பதினெட்டு நாள் போயிற்று. வக்கீல் இன்னொரு வழி சொல்லியிருந்தார். கணவன் அதைப் பயந்துகொண்டே எழுதி அனுப்பினான். அம்மா முடியாதென்றால் அப்பா. அப்பாவுக்குப் புரிகிறது என்று நோட்டரி திருப்திப்பட்டால் இடது கைக் கையெழுத்தே போதும்.

மாமியார் நிச்சயத்துக்குத் துணி எடுக்கப் போன ஒரு மத்தியானம், மருமகள் டாக்சி வரவழைத்தாள். நகரத்தின் அந்தக் கோடியில், யாருக்கும் சித்தி டைப் அடிக்காத ஒரு நோட்டரி. நாத்தனார் வங்கியில் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தானாகவே வந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். “நானும் வரேன் அண்ணி,” என்றாள். குசுகுசுவென்று. அண்ணி என்ற சொல்லை அவள் இதுவரை கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற சத்தத்தில்தான் சொல்லியிருக்கிறாள்.

மாடியில் இருந்தது அலுவலகம். இரண்டு பெண்களும் டாக்சி டிரைவருமாக நாற்காலியைப் பதினேழு படி தூக்கினார்கள். நோட்டரி வயசானவர்; கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். கடிதத்தைப் படித்தார், பதிவுத் திருமணச் சான்றைப் படித்தார். அவர் நல்ல மனுஷர். “இது ஒரு பெரிய விஷயமே இல்லம்மா. ஐயாவுக்குப் புரியுதான்னு நாலு கேள்வி கேட்டுக்கறேன். அது என் கடமை.”

மாமனாரின் பக்கம் குனிந்தார். “ஐயா, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?”

மாமனார் இடது கையில் இரண்டு விரல் காட்டினார்.

“இது பகலா, ராத்திரியா?”

“பகல்.”

“பேஷ். எல்லாம் நல்லாத்தானே புரியுது.” நோட்டரி பேனாவைத் திறந்தார். மருமகளைக் காட்டினார். “இவங்க உங்களுக்கு யாரு?”

மாமனார் அவளைப் பார்த்தார். கேள்வி எந்த வடிவத்தில் வரும் என்று அவள் யோசித்தே பார்க்கவில்லை. கையெழுத்தைப் பழக்கினாள், பத்து நாளாக, இடது கையில் பேனாவைச் சொருகி, எழுத்து எழுத்தாக. இந்தக் கேள்வியை அவள் பழக்கவில்லை. இந்தக் கேள்விக்கு அவள் ஏற்கெனவே பழக்கியாகிவிட்டது.

“நர்ஸ்,” என்றார் மாமனார். தெளிவாக, கடைசி எழுத்துவரை சிந்தாமல்.

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பழக்கம் என்பது கூப்பிடாமலே ஓடிவருகிற நாய். அவள் தலை தானாக ஆடியது; கை தானாக அவர் தோளுக்குப் போய் ஒரு தட்டு தட்டியது. அதை நோட்டரி பார்த்தார்.

“இன்னொரு தரம் கேக்கறேன். நிதானமா சொல்லுங்க. இவங்க உங்க பையனுக்கு யாரு?”

“நர்ஸ்.” இன்னும் சத்தமாக. சரியான விடையை ஏன் திரும்பக் கேட்கிறார்கள் என்ற குழப்பம் அவர் நெற்றியில் வந்தது.

நோட்டரி பேனாவை மூடினார். “அம்மா, நான் என் காதால கேட்டத ஒண்ணு வச்சுக்கிட்டு, வேற ஒண்ணு எழுத முடியாதில்லையா?”

“அவருக்குத் தெரியுங்க. அந்த வார்த்தைய... நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

“நீங்க சொல்லிக்குடுக்கறதத்தான் சொல்வாருன்னா, அப்புறம் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?” அவர் நாத்தனாரைப் பார்த்தார். “நீங்க மகளா? அப்பா அளவுக்கு இல்லாட்டாலும் நீங்க ஒண்ணு எழுதிக் குடுத்தா சேர்த்து வைக்கலாம். ஒண்ணுமில்லாததுக்கு அது மேல்.”

நாத்தனார் தன் செருப்பின் வாரைப் பார்த்தாள். அதில் ஒரு தையல் விட்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“பரவால்லங்க,” என்றாள் மருமகள். “நாங்க கிளம்பறோம்.”

பதினேழு படி இறங்குவதற்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. டாக்சியில் மாமனார் ஒருமுறை மருமகளின் கையைத் தொட்டு, “நர்ஸ்,” என்றார். இத்தனை நாள் பாராட்டு கிடைத்த வார்த்தை இன்று ஏன் செல்லவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தப்பாகச் சொன்னால் முகம் காட்டாதே.

இருபத்தெட்டாவது நாள் போயிற்று. மனு செத்தது. இனி முதலிலிருந்து எண்பத்தாறு கேள்வி, விரல்ரேகை, மூன்று படம், ஒரு முழங்கை. அதோடு புதிதாக ஒரு கேள்வி: இதற்குமுன் உங்கள் மனு நிராகரிக்கப்பட்டதா?

இருபத்தொன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு நேரம் குறிக்க வருவதாக இருந்தது. மாமியார் காலையிலேயே கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மாமனாரின் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். இந்தத் தடவை வீசவில்லை. ஓரத்தைக்கூட நீவிவிட்டிருந்தாள்.

மருமகள் மாமனாரைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி ஜன்னலோரம் உட்காரவைத்தாள். மாத்திரை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் குழி காலியானது. அவள் அதில் எதையும் போடவில்லை. ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். தன்னைத் தொட்டுக் காட்டினாள்.

“மருமக. சொல்லுங்க மாமா.”

“நர்ஸ்.”

அவள் தலையை ஆட்டவில்லை. சிரிக்கவில்லை. “மருமக.”

“நர்ஸ்,” என்றார் அவர், கொஞ்சம் கெஞ்சலாக.

நாலு எழுத்து. ‘நர்ஸ்’ஸுக்கே நான்கு மாசம் ஆனது. இதற்கு ஆறு மாசம் ஆகலாம், வராமலும் போகலாம். ஒருமுறை போன வார்த்தை திரும்பிவருவது அபூர்வம் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை இப்போது நினைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

“பாதி சொல்லுங்க, போதும். ம.”

அவர் உதடுகளைச் சேர்த்தார். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

வெளியே கார் நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குள் நாத்தனார் பட்டுப்புடவையும் பாதி சொருகின ஹேர்பின்னுமாக அறைக்குள் ஓடிவந்தாள். “அம்மா கோட்டப் போட்டுக்கச் சொன்னாங்க,” என்றவள் மருமகளின் விரலைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். அதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் நீட்டவில்லை, அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

முன்னறையில் மாமியாரின் சிரிப்பு ஏறியது. “வாங்க, வாங்க.” மாப்பிள்ளையின் அத்தை குரல்: “மொதல்ல சம்பந்தியப் பாத்துட்டு வந்துடறேன்.” செருப்பு கழற்றுகிற சத்தம், நடந்து வருகிற சத்தம்.

“ம...” என்றார் மாமனார்.

மருமகள் தலையை ஆட்டினாள். அவர் தோளில் தட்டினாள். திரும்பிப் பார்க்காமல் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கெட்டிக்காரர். இன்னொரு தடவ மாமா. சத்தமா.”